மணிக்கு எத்தனை டாலர்? கேளிக்கைப் பூங்கா வேலையில் மாணவர்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்விகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1986-இல் ஒரு சட்டம் வந்தது. விதிவிலக்கு பெறாத அரசுப் பள்ளிகள், செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினம் முடிந்த பிறகுதான் கோடை விடுமுறை கழிந்து திறக்கலாம் என்றது அது. சுற்றுலாத் தொழிலைக் காப்பதற்கான சட்டம். மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘கிங்ஸ் டொமினியன் சட்டம்’. கிங்ஸ் டொமினியன், அந்த மாநிலத்தில் இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்கா. பள்ளி தாமதமாகத் திறந்தால் பூங்காவுக்கு இரட்டை லாபம்: டிக்கெட் வாங்கி உள்ளே வருவதும் பிள்ளைகள்தான், ராட்டினத்தை இயக்கி ஐஸ்கிரீம் விற்பதும் பிள்ளைகள்தான். 33 ஆண்டுகள் கழித்து, 2019-இல்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. இரண்டு வாரம் முன்னதாகப் பள்ளியைத் திறக்கலாம். ஆனால் தொழிலாளர் தின வார இறுதியில் வெள்ளி முதல் திங்கள் வரை விடுமுறை விட்டாக வேண்டும்.

ஒரு மாநிலத்தின் பள்ளி நாள்காட்டியையே பிடித்து வைக்கும் அளவுக்கு இந்தத் தொழில் மாணவர்களை நம்பியிருக்கிறது. அப்படியானால் அவர்களுக்குக் கிடைப்பது என்ன? எவ்வளவு கூலி, எத்தனை மணி நேரம், எப்படிப்பட்ட நாள்?

ஏன் மாணவர்கள்?

கேளிக்கைப் பூங்காவின் ஆள் தேவை அறுவடைக் காலத்து வயல் போன்றது. சில மாதங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், பிறகு வேண்டாம். ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள சீடர் பாயிண்ட், பொதுவாக மே மாதம் திறந்து, அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் வரை ஓடும். குளிர்காலம் முழுக்கக் கதவடைப்பு. இப்படிப்பட்ட இடத்துக்கு மாணவரைவிடப் பொருத்தமான தொழிலாளி கிடையாது. விடுமுறை தொடங்கும்போது வருவார், முடியும்போது தானாகவே போய்விடுவார். பணிநீக்கம் செய்ய வேண்டியதில்லை, ஓய்வூதியம் கேட்க மாட்டார்.

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் வேறு வகை. 1971-இல் தொடங்கிய அந்த வளாகத்தில் இன்று நான்கு பெரிய பூங்காக்கள் ஆண்டு முழுவதும் இயங்குகின்றன. அங்கே 1981 முதல் ‘காலேஜ் புரோகிராம்’ நடக்கிறது. கல்லூரி மாணவர்கள் ஒரு பருவமோ அதற்கு மேலோ வந்து தங்கி வேலை செய்வார்கள். சில கல்லூரிகள் இதைப் பாடத்திட்டத்தின் பகுதியாக ஏற்று மதிப்பெண் புள்ளிகள் தருகின்றன. பெயர் பயிற்சித் திட்டம் என்றாலும், பெரும்பாலோர் செய்வது ராட்டின வரிசையை ஒழுங்குபடுத்துவது, உணவுக் கவுன்டரில் நிற்பது, கல்லாவைப் பார்ப்பது, தரையைக் கூட்டுவது, குளத்தில் உயிர்காப்பாளராக இருப்பது.

கூலியை யார் தீர்மானிக்கிறார்கள்?

அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைக்குப் பிறகு அது உயரவில்லை. மாநிலங்கள் இதைவிட அதிகமாக வைத்துக்கொள்ளலாம். ஃபுளோரிடா வாக்காளர்கள் 2020 நவம்பரில் வாக்களித்துத் தங்கள் அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். அதன்படி 2021 செப்டம்பரில் 10 டாலராக ஆன கூலி, ஆண்டுக்கு ஒரு டாலர் ஏறி, 2025 செப்டம்பர் 30 முதல் 14 டாலரானது. 2026 செப்டம்பர் 30-இல் 15 டாலர்.

டிஸ்னி வேர்ல்டில் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் ஒப்பந்தம் இதற்கும் மேலே போனது. ஏறத்தாழ 45,000 சேவைப் பணியாளர்களுக்காக 2023-இல் முடிந்த பேச்சில், குறைந்தபட்சக் கூலியை அந்த ஆண்டு இறுதிக்குள் 18 டாலராகவும், 2026 அக்டோபருக்குள் 20.50 டாலராகவும் உயர்த்த நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

எதிர்த்திசையில் ஒரு விதிவிலக்கும் உண்டு. அமெரிக்காவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி என்பது 1938-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. ஆனால் ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத கேளிக்கை நிறுவனங்களுக்கு இந்த ஓவர்டைம் விதியும், மத்திய குறைந்தபட்சக் கூலி விதியும் பொருந்தாது. ஏழு மாதத்தைத் தாண்டினாலும் இன்னொரு வழி இருக்கிறது: ஆண்டின் ஏதாவது ஆறு மாதங்களின் சராசரி வருமானம், மற்ற ஆறு மாதச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் போதும். மாநிலச் சட்டம் தடுக்காத இடங்களில், கோடைப் பூங்காவில் 50 மணி நேரம் உழைக்கும் மாணவருக்குக் கடைசிப் பத்து மணி நேரமும் சாதாரணக் கூலிதான்.

மணிக்கு 15 டாலர் என்று வைத்துக்கொண்டால் 50 மணி நேரத்துக்கு 750 டாலர். ஓவர்டைம் உரிமை இருக்கும் இடத்தில் அதே உழைப்புக்கு 825. வாரம் 75 டாலர் வித்தியாசம். 12 வாரக் கோடையில் 900.

முதலாளியே வீட்டு உரிமையாளர்

தொலைவிலிருந்து வரும் மாணவருக்குத் தங்க இடம் வேண்டும். பெரிய பூங்காக்கள் தாங்களே விடுதி வைத்திருக்கின்றன. டிஸ்னியின் மாணவர் குடியிருப்பான ஃபிளமிங்கோ கிராசிங்ஸ் 2021-இல் திறக்கப்பட்டது. முழுதும் கட்டி முடித்தபோது 10,000-க்கும் மேற்பட்டோர் தங்கும் அளவு. அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வேலைக்குப் போய்வரப் பேருந்து உண்டு. வாடகை வாராவாரம் சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் அதன் கணக்கைப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம்: மணிக்கு 15 டாலர், வாரம் 36 மணி நேரம், வாடகை 200 டாலர் என்று வைப்போம். வருகிற 540 டாலரில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) ஆகிய இரண்டுக்கும் 7.65 சதவீதம் போகும். வாடகையும் கழிந்தால் சுமார் 299 டாலர் மிஞ்சும். மத்திய வருமான வரிப் பிடித்தம் தனி. ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை.

இப்போது கூட்டம் குறைந்த மாதம். ஷிஃப்ட் பட்டியலில் 36 மணி நேரம் 25 ஆகிறது. மணிக்கூலி அதேதான், வாடகையும் அதேதான். கையில் மிஞ்சுவது சுமார் 146 டாலர். வேலை நேரம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. மிச்சப் பணமோ பாதியாகிவிட்டது. மாணவர்கள் வெட்டப்பட்ட மணி நேரத்துக்காகப் புலம்புவதும், யாராவது விட்டுக்கொடுக்கும் ஷிஃப்டை ஓடிப் பிடிப்பதும் இதனால்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மணிக்கூலி. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி என்பதுதான் உண்மையான சம்பளம்.

வேலையும் வீடும் ஒரே கையில் இருப்பதன் இன்னொரு பக்கம் 2020 மார்ச்சில் தெரிந்தது. கொரோனாவால் பூங்கா மூடப்பட்டபோது டிஸ்னியின் மாணவர் திட்டமும் நிறுத்தப்பட்டது. வேலை போன சில நாட்களுக்குள் மாணவர்கள் அறையையும் காலி செய்ய வேண்டியிருந்தது. திட்டம் மீண்டும் தொடங்கியது 2021 ஜூனில்.

கணக்கில் வராத நிமிடங்கள்

பூங்கா வேலை, ராட்டினத்தருகே போய் நின்றதும் தொடங்குவதில்லை. சீருடை மாற்ற வேண்டும், அன்றைய பொறுப்பை முன்னவரிடமிருந்து வாங்க வேண்டும், முடிந்ததும் ஒப்படைக்க வேண்டும். அந்த நிமிடங்களுக்கு யார் கூலி தருவது? 2017-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை நடத்திய விசாரணைக்குப் பிறகு, ஃபுளோரிடாவில் உள்ள இரண்டு டிஸ்னி துணை நிறுவனங்கள் 16,339 ஊழியர்களுக்கு 38 லட்சம் டாலர் நிலுவைக் கூலி தர ஒப்புக்கொண்டன. குற்றச்சாட்டுகளில் இரண்டு முக்கியமானவை: உடைக்கான பிடித்தத்தால் சிலரின் கூலி சட்டம் சொன்ன அளவுக்குக் கீழே போனது; ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் செய்த வேலைக்குப் பணம் தரப்படவில்லை. தலைக்குச் சராசரி சுமார் 230 டாலர்தான். ஆனால் நிமிடங்கள் சேர்ந்தால் லட்சங்கள் ஆகும் என்பதற்கு அது கணக்குச் சான்று.

இடைவேளையிலும் கவனம் தேவை. சாப்பாட்டு இடைவேளை தந்தே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 20 நிமிடம் வரையிலான சிறு ஓய்வு கொடுத்தால் அது வேலை நேரத்தில் சேரும். அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை சேராது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

டிஸ்னியில் ஊழியருக்குப் பெயர் ‘காஸ்ட் மெம்பர்’, வாடிக்கையாளர் ‘கெஸ்ட்’, சீருடை ‘காஸ்ட்யூம்’. கூட்டம் பார்க்கும் இடம் மேடை, மற்றவை மேடைக்குப் பின்புறம். மேடையில் நிற்கும்வரை முகம் வாடக் கூடாது. வழி காட்டும்போது ஒற்றை விரல் நீட்டக் கூடாது. இரு விரலால் அல்லது முழுக் கையால் காட்ட வேண்டும். மேஜிக் கிங்டம் பூங்காவுக்குக் கீழே ஊழியர்கள் நடமாடச் சுரங்க வழிகளே உண்டு.

ராட்டினத்தில் நிற்பவர் ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்பதில்லை. வாசலில் வரவேற்பு, உயரம் அளப்பது, ஆட்களை இருக்கைவாரியாகப் பிரிப்பது, பூட்டுப்பட்டை சரிபார்ப்பது, இயக்குவது என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். மனத்துக்குக் கஷ்டமானது உயரம் அளப்பதுதான். வெகுநேரம் வரிசையில் நின்ற குழந்தையிடம், அதன் பெற்றோர் முன்னால், ‘நீ ஏற முடியாது’ என்று சொல்வது 19 வயது மாணவரின் வேலை.

நீர்ப்பூங்கா உயிர்காப்பாளருக்குக் கண்தான் கருவி. இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்பட்ட ஓர் அளவுகோல் ‘10/20’: தன் பகுதி முழுவதையும் 10 விநாடிக்குள் பார்த்து ஆபத்தை அறிய வேண்டும், அடுத்த 20 விநாடிக்குள் ஆளை எட்ட வேண்டும். கூர்மை மழுங்காமலிருக்க அவர்களையும் அடிக்கடி இடம் மாற்றுவார்கள்.

கார்ட்டூன் வேடம் போடுவோரின் சங்கடம் வேறு. டிஸ்னி வேர்ல்டில் வேடத்துக்குள் அணியும் உள்ளாடைகள் பொதுவில் துவைத்துப் பகிரப்பட்டன. சுகாதாரப் புகார்கள் எழுந்து, 2001-இல் தொழிற்சங்கம் பேசிய பிறகுதான் ஆளுக்குத் தனி உள்ளாடை கிடைத்தது. வெயிலும் அவர்களுக்குத்தான் கடுமை. ஃபுளோரிடா 2024-இல் கொண்டுவந்த சட்டமோ, தொழிலாளர்களை வெப்பத்திலிருந்து காக்க நகராட்சிகளும் மாவட்டங்களும் தனி விதி போடுவதைத் தடுத்துவிட்டது. நிழலும் தண்ணீரும் நிர்வாகத்தின் முடிவு.

அபாயம் இல்லாத வேலையும் அல்ல. 2009 ஜூலையில் டிஸ்னி வேர்ல்டில் இரண்டு மோனோ ரயில்கள் மோதியபோது இறந்தது, ஒன்றை ஓட்டிய 21 வயதுக் கல்லூரி மாணவர்.

பள்ளி மாணவருக்கு என்ன வரம்பு?

மத்தியச் சட்டப்படி 14, 15 வயதினர் பள்ளி நாளில் மூன்று மணி நேரமும், பள்ளி வாரத்தில் 18 மணி நேரமும்தான் வேலை செய்யலாம். விடுமுறையில் நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 40. இரவு ஏழு மணிக்கு மேல் கூடாது. கோடையில் ஒன்பது வரை. பயிற்சி பெற்ற 15 வயதினர் சறுக்குப் பாதையின் அடியில் உள்ள குளத்தில் உயிர்காப்பாளராக நிற்கலாம். உச்சியில் நின்று ஒவ்வொருவராகச் சறுக்க அனுப்பும் வேலையை மட்டும் தரக் கூடாது. 16 வயதானதும் மத்தியச் சட்டத்தின் மணி நேர வரம்பு நீங்கிவிடுகிறது.

வெளிநாட்டு மாணவர்கள்

பல பூங்காக்கள் ஜே-1 விசாவில் வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்களை அழைக்கின்றன. அவரவர் நாட்டுக் கோடை விடுமுறையில், அதிகபட்சம் நான்கு மாதம். தென் அமெரிக்காவின் கோடை டிசம்பரில் தொடங்குவதால், அமெரிக்கக் குளிர்காலத்துக்கும் ஆள் கிடைக்கிறது. பெயர் கலாசாரப் பரிமாற்றம். இவர்களுக்கு முன்சொன்ன 7.65 சதவீதப் பிடித்தம் இல்லை. நிர்வாகமும் தன் பங்கைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் விமானக் கட்டணமும் ஏற்பாட்டாளர் கட்டணமும் பெரும்பாலும் மாணவர் தலையில்தான். 2011-இல் பென்சில்வேனியாவில் ஒரு சாக்லேட் கிடங்கில் இப்படி வந்த மாணவர்கள் வெளிநடப்பு செய்தார்கள். மறு ஆண்டு விதிகள் இறுகின: தொழிற்சாலை வேலை கூடாது, இரவு பத்து முதல் காலை ஆறு வரையே முக்கிய நேரமாக உள்ள வேலை கூடாது, உள்ளூர்த் தொழிலாளிக்கு இணையான ஊதியம் வேண்டும்.

தமிழகத்திலிருந்து அமெரிக்கா போய்ப் படிப்பவர்கள் பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள். அவர்களுக்குக் கல்லூரி வளாகத்துக்குள், பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. வெளியே வேலை செய்யப் பொதுவாகப் படிப்போடு தொடர்புடைய தனி அனுமதி வேண்டும். அது இல்லாமல் கோடையில் பூங்காவில் கைச்செலவுக்குச் சம்பாதித்தால் விசாவே பறிபோகலாம்.

பேரம் பேசும் பலம்

ஒவ்வொரு பருவமும் ஆள் மாறும் இடத்தில் சங்கம் வளர்வது கடினம். அடுத்த ஆண்டு வரப்போவதில்லை என்பவர், இந்த ஆண்டுக் குறைக்காகப் போராடுவதில்லை. ஆனாலும் மாணவர் கூட்டத்துக்கு ஒரு பலம் உண்டு. 2020 ஜூனில் ஜே-1 கோடை வேலைத் திட்டம் அந்த ஆண்டு இறுதிவரை நிறுத்தப்பட்டது. பின்னர் அது 2021 மார்ச் வரை நீண்டது. தொற்றுக்குப் பிந்தைய 2021 கோடையில் உள்ளூரிலும் ஆள் வரவில்லை. சீடர் பாயிண்ட் வாரநாட்கள் சிலவற்றில் பூங்காவை மூடவே வேண்டியதாயிற்று. மணிக்கூலியை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி 20 டாலர் என்று அறிவித்தது. சட்டம் மாறவில்லை, சங்கம் கேட்கவில்லை. ஆள் இல்லை, கூலி ஏறியது.

எனவே கையெழுத்துப் போடுமுன் மாணவர் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை நான்கு. வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம் தருவீர்கள்? 40-ஐத் தாண்டினால் ஒன்றரை மடங்கு உண்டா, அல்லது கோடைப் பூங்கா விலக்கில் இருக்கிறீர்களா? வாடகையும் உடையும் சேர்த்துச் சம்பளத்தில் என்னென்ன பிடிப்பீர்கள்? இடையில் வேலை நின்றால் அறையைக் காலி செய்ய எத்தனை நாள் அவகாசம்? இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு மணிக்கூலியைப் பெருக்கிப் பார்த்தால், கோடை முடிவில் கையில் என்ன இருக்கும் என்பது தெரியும்.