ஒட்டடை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் மாசி பிறப்பதற்குள் மறுபடி ஒட்டடை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வயலை ஒட்டிய வீடுகளில் இது வழக்கம்தான். எட்டுக்கால் பூச்சியைத் திட்டிப் பயனில்லை. அழைப்பது நம் விளக்கு. பிசான நெல் நிற்கும் மாதங்களில் தாமிரபரணிப் பாசன வயல்களிலிருந்து பூச்சிகள் வெளிச்சத்துக்கு வரும். இரை கிடைக்கும் இடத்தில் சிலந்தி தங்கிவிடும். அது கைவிட்ட வலையில் தூசி படிந்தால் ஒட்டடை.

மூலையில் தலைகீழாகத் தொங்கும் நெட்டைக்கால் சிலந்தியைத் தொட்டால் உடம்பைக் கிடுகிடுவென ஆட்டும். எதிரியின் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாமல் தப்பும் தந்திரம் அது. கொசுவையும் தின்னும். சுவரில் ஓடும் பெரிய சிலந்தியோ இரைக்கு வலையே கட்டாது. கரப்பானைத் துரத்திப் பிடிக்கும். அதைப் பார்த்து அலறுவது நியாயம், அடிப்பது நஷ்டம்.

சுவரில் அடித்த மருந்து ஏன் பலிப்பதில்லை? சிலந்தி நடப்பது கால் நுனியில். வலையில் கிடப்பது சுவரைத் தொடுவதே அரிது. ஒட்டடைக் கம்பே மேல். நெட்டைக்கால் தாய் முட்டைகளை வாயில் கவ்வியபடி இருக்கும். அதையும் சேர்த்துச் சுருட்டி எடுங்கள். வாசலில் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு போடுங்கள், பூச்சி குறையும்.