பணம் ஓடக் கூடாது. கார் ஓட வேண்டும்!

ஆரியசாலையில் பழைய ரிமோட் கார் பந்தயம்: குறைந்த சம்பளக்காரருக்கும் எட்டும் சட்டதிட்டம்

(நமது நிருபர்)

நவராத்திரி வந்துவிட்டால் ஆரியசாலைக்குத் தனிக் களை. குமாரகோவிலிலிருந்து புறப்பட்டு வரும் வேளிமலை முருகன், விழா முடியும்வரை ஆரியசாலை தேவி கோயிலில்தான் எழுந்தருளியிருப்பார். ஆயுத பூஜையன்று சாலைக் கம்போளத்துத் தமிழர் கடைகளில் தராசு, படிக்கல், கணக்குப் புத்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். சென்ற ஆண்டு ஒரு பலசரக்குக் கடையில், தராசுக்குப் பக்கத்தில் ஒரு பொம்மைக் காருக்கும் பொட்டு வைத்திருந்ததைக் கண்டோம். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், முரட்டுப் பின்சக்கரம், வெளுத்துப்போன வெள்ளை உடம்பு.

“இது என்ன அண்ணாச்சி, கொலுவில் இருக்க வேண்டியது இங்கே வந்திருக்கிறது?” என்றோம்.

“பொம்மைன்னு சொல்லாதீங்க சார். எங்க மச்சான் கல்ப்ல இருந்து கொண்டாந்தது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க, அது ஓடுறதைப் பாருங்க” என்றார் கடைக்காரர்.

போனோம். கடைகள் அடைத்திருந்த நேரம். ஒரு கிட்டங்கியின் பின்புறமுள்ள சிமெண்டு முற்றத்தில் காலி அட்டைப் பெட்டிகளை வரிசையாக வைத்து வளைவும் நெளிவுமாகப் பாதை போட்டிருந்தார்கள். கடைச் சிப்பந்திகள், கணக்கப்பிள்ளைகள், இரண்டு அரசாங்கக் குமாஸ்தாக்கள், ஒரு மொத்த வியாபாரியின் மகன் எனப் பத்துப் பன்னிரண்டு பேர். கார்கள் ஆறுதான். கையிலிருக்கும் ரேடியோ பெட்டியைத் திருகத் திருக, கார்கள் சீறிக்கொண்டு பறந்தன.

சண்டை எங்கே வந்தது?

முதல் இரண்டு மாதம் சிரிப்பும் கும்மாளமுமாக நடந்த பந்தயம் மூன்றாவது மாதம் கசந்துவிட்டது. ஒருவர் புதுமாதிரி லித்தியம் பாட்டரியும், கார்பன் பிரஷ் இல்லாத புதுரக மோட்டாரும் மாட்டிக்கொண்டு வந்தார். அவர் கார் மற்றவர்களை ஒரு சுற்று முந்திப் போனது. அடுத்த வாரம் இன்னொருவர் கடன் வாங்கி அதேபோல மாட்டினார். அதற்கடுத்த வாரம் ஆறு கார் நான்காயிற்று, பிறகு மூன்றாயிற்று.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு இளைஞர், மூட்டை சுமக்கும் தொழிலாளி. அவருக்குச் சொந்தக் கார் கிடையாது. ஒரு குமாஸ்தாவின் காரை வாங்கி ஓட்டுவார். முற்றத்திலேயே கை சுத்தமானவர் அவர்தான். அவரும் வருவதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டதற்கு, “அண்ணன் காசு போட்டு வாங்குனதை நான் ஓட்டித் தோத்துக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கும்?” என்றார்.

கார்கள் சில்லறை விஷயம். ஆனால் இந்தப் பதில் சில்லறை விஷயம் அல்ல. வாரம் ஆறு நாள் முதலாளிக்கும் மேலதிகாரிக்கும் உழைத்துவிட்டு, ஏழாம் நாள் எல்லோரும் சமமாக நிற்கும் ஓர் இடம் கிடைத்தது. அங்கேயும் பணப்பை முன்னால் வந்து நின்றுவிட்டது. “சார், நீங்க ரயில்வே ஆபீஸ்காரர். ரூல் புஸ்தகத்தோடயே குடும்பம் நடத்துறவர். எங்களுக்கும் நாலு ரூல் எழுதிக் கொடுங்க” என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த வேலையில் இறங்கியபோது தெரிந்துகொண்ட விவரங்களையே இங்கு தருகிறோம்.

பழசு என்றால் மலிவா?

முதலில் இந்தக் கார்களின் பூர்வோத்திரம். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்திலுள்ள டாமியா கம்பெனி, 1976ல் போர்ஷே 934 காரின் மாதிரியை ரேடியோ மூலம் ஓடும் மின்சாரக் காராக வெளியிட்டது. 1979ல் மணலில் ஓடும் ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’ வந்தது. 1983ல் ‘ஃபிராக்’, 1984ல் ‘கிராஸ்ஹாப்பர்’, ‘ஹார்னெட்’ ஆகியவை வந்தன. தவளை, வெட்டுக்கிளி, குளவி என்று வைத்த பெயர்கள்! நம் கடைக்காரரின் மச்சான் கொண்டுவந்தது வெட்டுக்கிளிதான்.

பழைய கார்களுக்கு மட்டும் பந்தயம் என்று வைத்தால் செலவு தானாகக் குறைந்துவிடும் எனப் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். ‘அந்தக் காலத்து அசல் சாமான்தான் வேண்டும்’ என்று விதி போட்டால், உடைந்த ஒரு முன்கைக்காக ஊர் ஊராக அலைய வேண்டும். அபூர்வப் பொருளுக்குச் சேகரிப்பாளர்கள் சொல்வதே விலை. அப்போது அது பந்தயமாக இராது, பொருட்காட்சியாகிவிடும். உடைந்துவிடுமோ என்று பயந்து ஒருவரும் வேகமாக ஓட்ட மாட்டார்கள்.

நல்லவேளையாக, அதே கம்பெனி பழைய மாதிரிகளை மறுபடியும் தயாரித்தது. ஹார்னெட் 2004லும், கிராஸ்ஹாப்பரும் ஃபிராக்கும் 2005லும், சாண்ட் ஸ்கார்ச்சர் 2010லும் திரும்ப வந்தன. ஆகவே முதல் விதி இப்படி அமைந்தது: காரின் வடிவமைப்பு 1990க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும், பின்சக்கரம் மட்டும் இழுப்பதாக இருக்க வேண்டும். ஆனால் அது எந்த வருடத்தில் அச்சில் வார்க்கப்பட்டது என்று யாரும் கேட்கக் கூடாது. மறுபதிப்புக்கும் அசலுக்கும் ஒரே மரியாதை.

இங்கே இன்னொரு தடையும் உண்டு. வெளிநாட்டுப் பொம்மைகளின் மீதான சுங்க வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமாயிற்று. உள்நாட்டுத் தொழிலுக்கு அது நன்மை. ஆயினும் ஜப்பான் கார் வாங்க நினைக்கும் குமாஸ்தாவுக்குப் பெருஞ்சுமை. எனவே இரண்டாம் விதி: ஒரு காரை இரண்டு பேர் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஒருவர் முதல் ஓட்டத்திலும் மற்றவர் அடுத்த ஓட்டத்திலும் ஓட்டலாம். புள்ளிகள் ஓட்டியவருக்கு, காரின் சொந்தக்காரருக்கு அல்ல.

கோவை காட்டிய வழி

பெரிய கார்ப் பந்தயத்திலும் இதே சங்கடம் இருந்தது. சென்னைக்கு அருகே சோழவரத்தில், உலக யுத்தக் காலத்து விமான ஓடுதளத்தில் ஒருகாலத்தில் பந்தயங்கள் நடந்தன. வெளிநாட்டுக் காரும் உதிரிபாகமும் தருவிக்கக்கூடிய ராஜ குடும்பத்தாருக்கும் தொழிலதிபர்களுக்கும் அங்கே கை ஓங்கியிருந்தது. சாமானியன் வேலிக்கு வெளியே நின்று கைதட்டினான்.

கோவையைச் சேர்ந்த பந்தய வீரர் எஸ். கரிவரதன் இதற்கு ஒரு வழி கண்டார். தெருவில் ஓடும் மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆசனப் பந்தயக் கார் ஒன்றை இங்கேயே வடிவமைத்தார். 1980களின் பிற்பகுதியில் ‘பார்முலா மாருதி’ என்ற பந்தயப் பிரிவு பிறந்தது. எல்லோருக்கும் ஒரே 796 சி.சி. எஞ்சின், எந்த ஊர்ப் பட்டறையிலும் கிடைக்கும் உதிரிபாகம். வித்தியாசம் ஓட்டுகிறவரின் கையிலும் கண்ணிலும் மட்டும்.

அதன் பலன் என்ன? 1993ல் ஸ்ரீபெரும்புதூர் தளத்தில் பார்முலா மாருதி ஓட்டிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005ல் இந்தியாவின் முதல் பார்முலா ஒன் வீரரானார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995ல் விமான விபத்தில் காலமாகிவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் 2003ல் திறக்கப்பட்ட பந்தயத் தளம் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மோட்டார் பெட்டி

கோவைப் பாடத்தை ஆரியசாலைக்குக் கொண்டுவந்தால் என்ன விதி கிடைக்கும்? எல்லோருக்கும் ஒரே மோட்டார். ‘540’ எனப்படும் வெள்ளித் தகர உறை போட்ட சாதாரண மோட்டார், பிரித்துக் கம்பி சுற்ற முடியாதபடி மூடி அழுத்தப்பட்டது, விலையும் மட்டு. அந்தக் காலத்து கிராஸ்ஹாப்பரில் இதைவிடச் சிறிய 380 மோட்டார்தான் இருந்தது, ஹார்னெட்டில் 540. இரண்டையும் சமமாக நிறுத்த, வெட்டுக்கிளிக்கும் 540 மாட்டிக்கொள்ள அனுமதி தந்தோம்.

‘ஒரே மோட்டார்’ என்றால் போதாதா? போதாது. ஒரே அச்சில் செய்த பத்து மோட்டாரில் ஒன்று கொஞ்சம் துள்ளலாக இருக்கும். பணமுள்ளவர் பத்தையும் வாங்கிச் சோதித்து, அந்த ஒன்றை வைத்துக்கொள்வார். அதற்காகத்தான் ‘மோட்டார் பெட்டி’. எல்லோரும் பங்கு போட்டு மோட்டார்களை மொத்தமாக வாங்கிவிட வேண்டும். அவை ஒரு பெட்டியில் பூட்டியிருக்கும். பந்தய நாளில் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். மோட்டாருடன் சுற்றும் சிறு பற்சக்கரம், காருடன் வந்ததாகவே இருக்க வேண்டும்.

பாட்டரியும் டயரும்

ரிமோட் கார்க்காரரின் பர்ஸைக் காலி செய்பவை காரும் மோட்டாரும் மட்டுமல்ல. வாராவாரம் தேய்கிற பொருள்களும்தான். பாட்டரி, ஆறு செல் கொண்ட 7.2 வோல்ட் நிக்கல் ரகமாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான். லித்தியம் பாட்டரி வேகம் தரும். ஆனால் அதற்குத் தனி சார்ஜர் வேண்டும்; அடிபட்டாலோ அளவுக்கு மீறி ஏற்றினாலோ தீப்பிடிக்கவும் கூடும். சாக்கும் அட்டையும் அடுக்கிய கிட்டங்கிப் பக்கம் அந்த வம்பு வேண்டாம் என்று எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள்.

டயர் ஒரே மாதிரி. பருவம் முழுவதற்கும் ஒரே ஜோடி. தொடங்கும் நாளில் உட்புறம் பெயிண்டால் அடையாளம் இட்டுவிடுவது. புது டயர் போட்டு ஒருவர் வாராவாரம் அரை விநாடி வாங்க முடியாது.

எடைக்கும் ஒரு விதி உண்டு. இருக்கிற கார்களிலேயே கனமானது எவ்வளவோ, அதுவே எல்லோருக்கும் குறைந்தபட்ச எடை. லேசான கார்களில் ஈயத் துண்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படியானால் எடையைக் குறைக்க விலையுயர்ந்த கார்பன் தகடு வாங்குவது வீண் செலவு. நிறுத்துப் பார்ப்பதற்குத் தராசு தேட வேண்டியதில்லை. ஆரியசாலையில் தராசுக்கா பஞ்சம்?

புதுசை விட வேண்டிய இடம்

எல்லாவற்றையும் தடுப்பதும் தவறு. புதுப் பொருள் செலவைக் கூட்டினால் தடுக்க வேண்டும். குறைத்தால் விட வேண்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இரண்டு பேரிடம் ஒரே கிரிஸ்டல் இருந்துவிட்டால், ஒருவர் திருப்பினால் மற்றவர் கார் சுவரில் மோதும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் அந்தத் தொல்லை இல்லை, ஆகவே அனுமதி. பழைய ஸ்பீட் கண்ட்ரோலரில் மின்தடைக் கம்பி சூடாகி மின்சாரத்தைத் தின்றது, சாதாரண எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் அதைவிட நீடித்து உழைக்கும், அனுமதி. பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங், அதுவும் அனுமதி.

கடைசியாக ஒரு கடிவாளம். அமெரிக்காவில் மண் தளப் பந்தயங்கள் சிலவற்றில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஜெயித்தவரின் எஞ்சினை, முன்கூட்டிக் குறித்த தொகையைக் கொடுத்துத் தோற்றவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொடுக்க மறுத்தால் வெற்றி போய்விடும். இங்கே பாட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் அந்த விதியை வைத்தோம். ஆயிரம் ரூபாய்க்குக் கேட்கப்படலாம் என்று தெரிந்த பொருளுக்கு, யார் ஐயாயிரம் செலவழிப்பார்?

காசே இல்லாத விதி ஒன்றும் உண்டு. ஒரு ஓட்டத்தில் ஓட்டியவர் அடுத்த ஓட்டத்தில் முற்றத்தில் நின்று, கவிழ்ந்த கார்களை நிமிர்த்திவிட வேண்டும். முதலாளி மகனாயினும் விலக்கில்லை.

ஒரு பக்கத் தாள்

இவ்வளவும் ஒரே தாளில் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. ரயில்வேயில் எங்கள் அனுபவம் என்னவென்றால், விதி நீண்டால் அதில் சந்து தேடுகிறவர்களுக்குத்தான் வசதி. ஒரு விதியைத் தராசாலோ, கண்ணாலோ, பூட்டாலோ சோதிக்க முடியாவிட்டால், அதை எழுதாமல் இருப்பதே நல்லது.

புது மோட்டார் வாங்கியிருந்தவர் முதலில் முணுமுணுத்தார். “நான் செலவழிச்சது என்னாவறது?” என்றார். “தனியா ஓட்டி நீங்களே ஜெயிச்சுக்குங்க தம்பி” என்றார் பலசரக்குக் கடை அண்ணாச்சி. மூன்று பேர் மட்டும் ஓடிய பந்தயத்தில் ஜெயிப்பதில் என்ன ருசி என்று அவருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வாரம் கழித்து வெள்ளி மோட்டாருக்குச் சீட்டு எடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆறு கார்கள். மூட்டை தூக்கும் தம்பியும் வந்திருந்தார். முதல் ஓட்டத்தில் கடைசி வளைவில் அட்டைப் பெட்டியில் இடித்து நான்காவதாக வந்தார். இரண்டாவது ஓட்டத்தில் இரண்டாவது. “இப்ப தோத்தா என் கை சரியில்லேன்னு அர்த்தம் சார். அதைச் சரி பண்ணிக்கிடலாம்” என்று சிரித்தார்.

வெளியூரில் பிழைக்க வந்த நம்மவர்கள் கேரம், பூப்பந்து, கபடி என்று எத்தனையோ குழுக்கள் சேர்க்கிறோம். பல குழுக்கள் ஒரு வருடத்தில் கலைந்தும் போகின்றன. சண்டையை விட, மாதக் கடைசியில் கையில் காசில்லாதவர் சொல்லாமல் நின்றுவிடுவதே பெரும்பாலும் காரணம். எந்த விளையாட்டானாலும் முதல் நாளே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர் யார் என்று பார்த்து, அவர் அடுத்த வருடமும் வர முடியுமா என்று கேட்டு விதியை எழுதுங்கள். மற்றவர்கள் தாமாகவே வருவார்கள்.