ரயிலடி ஆயாவோட பேர் என்ன? புறநகர்ல பழைய ஆவணம் தேடுற கதை

இந்த எபிசோட்ல கோடிங் இல்ல, ஏஐ இல்ல. ஆனா கேட்டு முடிக்கிறப்போ ஒரு பழைய சிஸ்டத்தை டீபக் பண்ண மாதிரிதான் இருக்கும்.

2025 கடைசியில வாக்காளர் பட்டியலுக்கு எஸ்ஐஆர் படிவம் வந்துச்சு. நம்மள்ல பாதிப் பேர் 2002, 2005 பட்டியலோட பிடிஎஃப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு வீட்டுப் பெரியவங்க பேரைத் தேடினோம். நானும் தேடினேன். அம்மாவோட அப்பா, அதாவது என் தாத்தா பேர் கிடைச்சுது. பக்கத்துல அவரோட அப்பா பேர். சும்மாதான் கேட்டேன்: "தாத்தாவோட அம்மா பேர் என்னம்மா?" அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "தெரியலடா. எல்லாரும் ரயிலடி ஆயான்னுதான் கூப்பிடுவாங்க"ன்னாங்க. பல்லாவரம் ஸ்டேஷன் பக்கத்துல வீடு, அதனால ரயிலடி ஆயா. அஞ்சு பிள்ளை பெத்து வளர்த்தவங்க. எழுபது வருஷம்கூட ஆகல, பேர் காணோம்.

நான் முதல்ல பண்ண தப்பு, பேரை வெச்சுத் தேடினது. நம்ம ஊர்ல பேர்ங்கறது நம்பக்கூடிய பிரைமரி கீ கிடையாது. குடும்பப் பேர் இல்ல. இனிஷியல் தலைமுறைக்கு ஒண்ணு. ஒரே ஆள் ஸ்கூல்ல ஒரு பேர், பத்திரத்துல ஒரு பேர், வீட்ல ஒரு பேர். மாறாதது இடம் மட்டும்தான். ஆனா புறநகர்ல ஒரு சிக்கல் இருக்கு. இடம் அப்படியே இருக்கும், அதோட முதலாளி மாறிக்கிட்டே இருப்பார்.

எங்க ஆயா வீட்டையே எடுத்துக்கோங்க. 1961ல அது செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. 1997ல அந்த ஜில்லாவைப் பிரிச்சாங்க, பல்லாவரம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போச்சு. 2019ல திரும்பவும் பிரிச்சு செங்கல்பட்டு மாவட்டம்னு ஆச்சு. உள்ளாட்சி பக்கம் பார்த்தா, பல்லாவரம் நகராட்சி 2021ல தாம்பரம் மாநகராட்சிக்குள்ள போயிடுச்சு. கொஞ்ச தூரம் நடந்தா கன்டோன்மென்ட், அது ராணுவ நிலம், அதுக்குத் தனி போர்டு, பிறப்பு இறப்புப் பதிவும் அங்கதான். ஒரே ஊர்க்காரங்கதான், ஆனா ரோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தா ஒரு ரிஜிஸ்டர், அந்தப் பக்கம் பிறந்தா இன்னொண்ணு. அதனால முதல்ல கேட்க வேண்டியது "இவர் ரெக்கார்டு எங்க இருக்கும்"னு இல்ல. "அந்த வருஷம் அந்த இடம் யார் கையில இருந்துச்சு"ன்னு. அம்பத்தூரா இருந்தாலும் ஆலந்தூரா இருந்தாலும் இதே கதைதான்.

சரி, எங்க தேடலாம்? நிறைய பேர் பிறப்புச் சான்றிதழ்லதான் ஆரம்பிப்பாங்க. பிறப்பு இறப்பைப் பதிவு பண்றதை நாடு முழுக்கக் கட்டாயமாக்குனது 1969ம் வருஷத்துச் சட்டம். மெட்ராஸ் மாகாணத்துக்கு 1899லயே ஒரு சட்டம் இருந்துச்சு, ஆனா பழைய பதிவு கிடைக்குமாங்கறது ஊரைப் பொறுத்தது. 1969 சட்டத்துப்படி யார் வேணும்னாலும் ரிஜிஸ்டர்ல தேடச் சொல்லலாம், நகல் வாங்கலாம். இறப்புப் பதிவா இருந்தா சாவுக்கான காரணத்தை மட்டும் தர மாட்டாங்க. தேடறப்போ ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க: குழந்தை பேர் கட்டம் பெரும்பாலும் காலியா இருக்கும். ஏன்னா பதிவு பண்ண நாள்ல பேரே வெச்சிருக்க மாட்டாங்க. தேதியையும் அப்பா அம்மா பேரையும் வெச்சுத்தான் பிடிக்கணும்.

என் தாத்தா பிறந்தது 1938. ரெண்டு மாசம் அலைஞ்சேன், மூணு கவுன்டர் மாறினேன், கடைசியில "பதிவு இல்லை"ன்னு ஒரு தாள் கிடைச்சுது. அந்தத் தாளுக்கும் ஒரு விண்ணப்பம் எழுதணும், அது வேற. ஸ்கூல் ரெக்கார்டைப் பார்த்தேன், அப்பா பேர் மட்டும். ஓட்டர் லிஸ்ட்டா, அதுவும் அப்பா பேர், கல்யாணம் ஆன பொண்ணா இருந்தா புருஷன் பேர். இந்த ஃபார்ம் எல்லாம் டிசைன் பண்ணவங்க அம்மாங்கற ஃபீல்டையே வைக்கலைங்க.

அப்புறம்தான் பத்திரம் ஞாபகம் வந்துச்சு. இதை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஒவ்வொரு கிரயப் பத்திரத்துலயும், விக்கிறவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்துச்சுன்னு ஒரு பத்தி இருக்கும். முந்தைய பத்திரத்தோட நம்பர், வருஷம், புத்தகம், வால்யூம், பக்கம். அது பழைய பத்திரத்துக்கு ஒரு பாயின்டர். அந்தப் பத்திரத்தை எடுத்தா அதுல இன்னும் பழசுக்கு ஒரு பாயின்டர். சுத்தமான லிங்க்டு லிஸ்ட். கூடவே நாலு எல்லை எழுதியிருப்பாங்க, இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குத் தெற்குன்னு. அக்கம்பக்கத்துல யார் குடியிருந்தாங்கன்னு இலவசமா கிடைச்சிடும்.

ஆளை எப்படி அடையாளம் சொல்லணும்னும் 1908ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்துல இருக்கு: வசிக்கிற ஊர், தொழில், அப்பா பேர். அம்மா பேரால அறியப்படறவரா இருந்தா அம்மா பேர். சாதியும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு, 1956ல ஒரு திருத்தத்துல அந்த வார்த்தையை எடுத்தாங்க. பழைய பத்திரம் எடுக்கறப்போ இதுக்குத் தயாரா இருங்க. பேருக்குப் பின்னாடி வால் இருக்கும். ஒரு சில வீட்ல அது பெரிய அதிர்ச்சி.

அதே 1956லதான் இந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்துச்சு. உயில் எழுதாம ஒரு ஆம்பளை இறந்தா, அவர் சுயமா சம்பாதிச்ச சொத்துல மகனுக்கு மட்டும் இல்ல, மனைவி, மகள், அம்மா எல்லாருக்கும் பங்கு. அப்போ வீட்டை விக்கணும்னா அத்தனை பேரும் கையெழுத்து போடணும். யோசிச்சுப் பாருங்க, ஒரு குடும்பத்தோட முழு மரமும் ஒரே பத்திரத்துல. பொம்பளைங்க பேரோட. கொள்ளுத்தாத்தா போனது 1958. வீட்டை வித்தது 1961. அதனாலதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

ஆனா வித்த வீட்டோட பத்திரம் நம்ம கையில இருக்காதே. அதுக்கு வழி வில்லங்கச் சான்று, அதாவது ஈசி. பதிவுத் துறையோட வெப்சைட்ல பல அலுவலகங்களுக்கு 1975ல இருந்து ஆன்லைன்லயே பார்க்கலாம். அதுக்கு முன்னாடி வேணும்னா சார்பதிவாளர் அலுவலகத்துல மனு கொடுத்துத் தேடச் சொல்லணும். சர்வே நம்பர் தேவை. இங்கதான் அடுத்த பொறி: பல்லாவரம் மாதிரி நகரமான இடத்துல டவுன் சர்வே பண்ணி வார்டு, பிளாக்னு புது நம்பர் கொடுத்திருப்பாங்க. 1961 பத்திரத்துல இருக்கறது கிராமக் கணக்கோட பழைய நம்பர். ரெண்டையும் இணைக்கிற ஒப்பீட்டு விவரத்தைக் கேட்டு வாங்காம ஈசி போட்டா வெறும் "வில்லங்கம் இல்லை"தான் வரும். எனக்கு முதல் தடவை அதான் வந்துச்சு. இன்னொண்ணு, சொத்து இன்னிக்கு பல்லாவரம் அலுவலகத்துல வருதுன்னா பழைய பத்திரமும் அங்க பதிவானதுன்னு அர்த்தம் இல்ல. எங்களோடது சைதாப்பேட்டையில பதிவாகியிருந்துச்சு.

நம்பர் கிடைச்சிட்டா நகல் வாங்க நீங்க சொத்துக்காரரா இருக்கணும்னு அவசியம் இல்ல. அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருக்கற 1ம் புத்தகத்தை யார் வேணும்னாலும் பார்க்கலாம், நகல் கேட்கலாம், சட்டத்தோட 57வது பிரிவுலயே இருக்கு. பதிவு பண்ண உயில் 3ம் புத்தகத்துல இருக்கும். எழுதினவர் இறந்த பிறகு அதுக்கும் யார் வேணும்னாலும் நகல் கேட்கலாம்.

சர்ச் குடும்பமா இருந்தா உங்க வேலை ஈஸி, ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல அம்மா பேர் இருக்க நல்ல வாய்ப்பு. பரங்கிமலை, பல்லாவரம் ராணுவக் குடும்பங்கள், ஆங்கிலோ இந்தியன் குடும்பங்களா இருந்தா லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இந்தியா ஆஃபீஸ் ரெக்கார்ட்ஸ்ல என்/2ன்னு ஒரு வரிசை இருக்கு, மெட்ராஸ் மாகாணத்து சர்ச் பதிவுகளோட நகல். அது தனி எபிசோடா போடறேன்.

எங்க நகல் வந்துச்சு. பத்து பக்கம், மசி ஊறின கையெழுத்து. "காலஞ்சென்ற" கொள்ளுத்தாத்தா பேர், அதுக்குக் கீழ முதல் ஆளா "மேற்படியார் மனைவி"ன்னு ஆயா பேர். அம்மா கேட்டுக்கிட்டதால இங்க சொல்லல. வீட்ல சத்தமா படிச்சேன். அம்மா ரெண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாங்க.

அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா வாரிசு லிஸ்ட்டை எண்ணினா பிள்ளைங்க ஆறு. அம்மாவுக்குத் தெரிஞ்சது அஞ்சு. ஆறாவதா, சரியாச் சொன்னா முதலாவதா, ஒரு மகள். தாத்தாவுக்கு அக்கா. முகவரி பெங்களூர்னு இருந்துச்சு. அம்மா முகம் மாறிடுச்சு. "எங்கப்பாவுக்கு அக்கா இருந்தாங்களா?" அப்புறம், "இதை யார்கிட்டயும் கேட்காத."

நான் ரெண்டு வாரம் கேட்கல. பழைய தாள்ல இருந்து ஒருத்தரை வெளியே இழுக்கற உரிமை எனக்கு இருக்கான்னு எனக்கே தெரியல. இன்னைக்கும் சரியாத் தெரியல. கடைசியில அம்மாவேதான் கொளத்தூர்ல இருக்கற சின்னத் தாத்தாவுக்கு ஃபோன் பண்ணாங்க. அந்தப் பத்திரம் எழுதினப்போ அவர் மைனர், வயசு பதினஞ்சு, அவர் பங்குக்கு ஆயாதான் கார்டியன். அக்கா வேற சாதியில கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டாங்களாம். அவர் சின்னப் பையன்கறதால, அக்கா செத்துப் போயிட்டான்னு சொல்லி வெச்சிருக்காங்க. "அப்போ கையெழுத்துப் போட வந்திருக்கா"ன்னு மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அவ எழுத்து முத்து முத்தா இருக்கும், அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வா"ன்னார்.

அங்கதான் ஒரு பிரச்சினை. அந்தக் காலத்துல பதிவுப் புத்தகத்துல பத்திரத்தைக் கையால எழுதி வெச்சாங்க. நகல்ல இருக்கறது குமாஸ்தாவோட எழுத்து. அத்தைப்பாட்டி போட்ட கையெழுத்து அசல் பத்திரத்துலதான் இருக்கும், அசல் வாங்கினவங்க வீட்ல இருக்கும். அவங்க குடும்பம் இன்னும் அதே தெருவுலதான் இருக்கு, விசாரிச்சிட்டேன். முன்பின் தெரியாதவன் வாசல்ல வந்து நின்னு "உங்க மூலப்பத்திரத்தைக் காட்டுங்க"ன்னா எந்த வீட்லயும் பயந்துடுவாங்க. ஞாயித்துக்கிழமை சின்னத் தாத்தாவையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன்.