காலம் குறுகும்போது மனம் எதைத் தேடுகிறது?

வயது ஏற ஏற மனிதர்களின் பழக்க வட்டம் சுருங்குகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் முதியவர்களை ஆராய்ந்த எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி இருவரும் 1961-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். முதியவர் சமூகத்திலிருந்து மெல்ல விலகுகிறார், சமூகமும் அவரை விட்டு விலகுகிறது, இது முதுமையின் இயல்பு என்பது அவர்கள் கருத்து.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் 1990-களில் இதை மறுத்தார். வட்டம் சுருங்கும்போது கழன்றுபோகிறவர்கள் பெரும்பாலும் மேலோட்டமாக அறிமுகமானவர்களே; நெருங்கியவர்களின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறைவதில்லை. முதியவர்கள் தங்களுக்கு முக்கியமானவர்களைப் பொறுக்கியெடுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்றார் அவர். இந்தக் கருத்து ‘சமூக உணர்வுத் தேர்வுக் கோட்பாடு’ எனப்படுகிறது.

இக்கோட்பாட்டின்படி, தேர்வை நிர்ணயிப்பது வயதைவிட, இன்னும் எவ்வளவு காலம் மிச்சமிருக்கிறது என்ற உணர்வே. காலம் நிறைய இருப்பதாகத் தோன்றும்போது மனிதர்கள் எதிர்காலத்துக்காகச் சேர்க்கிறார்கள்: புதிய அறிவு, புதிய தொடர்புகள், பலன் தரத் தாமதமாகும் முயற்சிகள். காலம் குறைவு என்று தோன்றினால், இப்போதே நிறைவு தருபவை முன்னுக்கு வருகின்றன.

இதைச் சோதிக்க ஓர் எளிய கேள்வி பயன்பட்டது. அரை மணி நேரம் ஓய்வு கிடைத்தால் யாருடன் செலவிடுவீர்கள்? குடும்பத்தில் ஒருவர், அண்மையில் படித்த புத்தகத்தின் ஆசிரியர், ஒத்த ரசனை உள்ளவராகத் தெரியும் புதிய அறிமுகம் ஆகிய மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதியவர்களில் பெரும்பாலானோர் குடும்பத்தினரையே தேர்ந்தெடுத்தார்கள். இளையவர்களிடம் அப்படி ஒரு சாய்வு இல்லை. ஆனால் விரைவில் தனியாகத் தொலைதூரம் குடிபெயரப் போவதாகக் கற்பனை செய்யச் சொன்னதும் இளையவர்களும் குடும்பத்தினர் பக்கம் சாய்ந்தார்கள். புதிய மருத்துவத்தால் ஆயுள் இன்னும் 20 ஆண்டு கூடும் என்று எண்ணிக்கொள்ளச் சொன்னபோது முதியவர்களிடம் இருந்த சாய்வு மறைந்தது.

கற்பனைக்கு வெளியிலும் இது தெரிந்தது. 1997 ஜூலை 1-இல் ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்கு மாறியது. ஒரு காலகட்டம் முடியப்போகிறது என்ற உணர்வு நிலவிய அந்த மாற்றத்துக்குச் சற்று முன்பு, அங்குள்ள இளையவர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களை நாடினார்கள். ஓராண்டு கழித்துக் கேட்டபோது வயது வேறுபாடு திரும்பியிருந்தது.

முன்னுரிமை மாறும்போது கவனமும் மாறுகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் இனிமையான, இனிமையற்ற, உணர்ச்சி கலவாத படங்களைக் காட்டிப் பின்னர் நினைவுகூரச் சொன்னார்கள். வயது கூடக்கூட, நினைவில் நின்றவற்றில் இனிமையற்ற படங்களின் பங்கு குறைந்தது. மூளை தளர்ந்ததால் இப்படி ஆகிறதா என்ற சந்தேகத்துக்கு 2005-இல் மாரா மேதரும் மாரிசா நைட்டும் விடை தேடினார்கள். படம் பார்க்கும்போதே வேறொரு வேலையும் கொடுத்துக் கவனத்தைப் பிரித்தபோது, முதியவர்களிடம் நல்லதன் பக்கமான அந்தச் சாய்வு மறைந்தது. அதாவது அது தளர்ச்சியின் விளைவல்ல; வேண்டியதில் மனத்தை நிறுத்துவதற்கு உழைப்பு தேவை. ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் மனத்தில் அந்த உழைப்புக்கு இடம் இருப்பதில்லை.

இந்தச் சாய்வுக்குக் குறைகளும் உண்டு. மருத்துவரையோ மருத்துவத் திட்டத்தையோ தேர்ந்தெடுக்கச் சொன்ன சோதனைகளில், முதியவர்கள் சாதகமான விவரங்களை அதிகம் பார்த்தார்கள்; பாதகமானவை பின்தங்கின. உண்மை விவரங்களில் கவனம் வைக்கும்படி சொன்னதும் அந்தச் சாய்வு நீங்கியது. பண்பாடும் குறுக்கிடுகிறது: ஹாங்காங் முதியவர்களிடம் செய்த சில சோதனைகளில், மேற்கில் கண்ட அளவுக்கு நல்லதன் மேல் நாட்டம் தென்படவில்லை. முதுமையின் தேர்வு இப்படியிருக்க, இளமையில் புதியவற்றைத் தேடுவதும் வீணல்ல. பிற்காலத்தில் பொறுக்கியெடுக்கத் தேவையான உறவுகள் பலவும் அந்தத் தேடலில் கிடைக்கின்றன.