துருவத்தின் வழியே வரும் படம்

பங்காருபாளையத்து மாந்தோப்பில் நிற்கும் நமக்குத் தென்துருவம் என்றதும் பள்ளியில் படித்த பூகோளப் பாடமே நினைவுக்கு வரும். அந்தப் பனிநிலத்துக்கும் நமக்கும் என்ன உறவு? உறவு உண்டு. அது பக்கத்துத் திருப்பதி மாவட்டத்தில் தொடங்குகிறது.

அங்குள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் ராக்கெட்டுகள், நிலத்தைப் படம்பிடிக்கும் செயற்கைக்கோள்களை விண்ணிற் சேர்க்கின்றன. இவை துருவங்களை ஒட்டி, வடக்குத் தெற்காக, நாளொன்றுக்குச் சுமார் 14 முறை பூமியை வலம் வருகின்றன. கீழே பூமியும் சுழல்வதால், நம் நாட்டுக்கு நேர் மேலே அவை வருவது சில சுற்றுகளில்தான். துருவத்தையோ ஒவ்வொரு சுற்றிலும் நெருங்குகின்றன. பூசணிக்காயின் வரிகளைப் பாருங்கள்: நடுவே விலகி நிற்பவை காம்பருகே ஒன்றுகூடுகின்றன. கோள்களின் பாதைகளும் அத்தகையனவே. ஆகவே, அவை எடுத்த படங்களை அடிக்கடி பெற வேண்டுமாயின், துருவப் பகுதியில் நமக்கு ஓர் இடம் வேண்டும்.

அவ்விடம் எளிதிற் கிட்டியதன்று. 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறிய டாக்டர் காசிம் தலைமையிலான 21 பேர், 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் கால் வைத்தனர். 1983–84இல் அமைந்த முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனித்தட்டின்மேல் நின்றது. பெய்த பனி அதை மெல்ல மெல்ல விழுங்கவே, 1990இல் அதனைக் கைவிட நேர்ந்தது. பனியை நம்பலாகாது என்பது பாடமாயிற்று. மைத்ரி 1989இல் பாறை நிலத்தில் எழுந்தது. 2012இல் அமைந்த பாரதி நிலையத்தைப் பாறைமேல் கால்கள் நாட்டி உயர்த்திக் கட்டினர். குமரிமுனைக்குத் தெற்கே சுமார் 8,600 கிலோமீட்டர் தொலைவில் அது உள்ளது.

2013இல் பாரதியில் செயற்கைக்கோள் படங்களைப் பெறும் நிலையமும் அமைந்தது. அங்கே பெறப்படும் செய்தி, மற்றொரு செயற்கைக்கோள் வழியே, ஹைதராபாத்தை அடுத்த ஷாத்நகரை வந்தடைகிறது. எந்த ஏரி வற்றியது, எந்த வயல் விளைந்தது, வெள்ளம் எதுவரை பரந்தது என்பனவற்றை அப்படங்களிலிருந்து அறிகிறோம்.

குளிர்காலத்தில் அங்கே பல வாரங்கள் கதிரவன் எழுவதில்லை. கப்பலும் அணுக இயலாது. அவ்விருளிலும் நம் நாட்டவர் சிலர் தங்கிப் பணிபுரிகின்றனர். வானம் பொய்த்த ஆண்டில் வற்றிக் கிடக்கும் ஏரிக்கரையில் நிற்கையில், அவர்களை நாம் ஒருகணம் நினைத்துக்கொள்வது தகும்.