காலண்டர் கற்றுத் தரும் கணக்கு

மார்கழி பிறந்துவிட்டால் கீழ்பென்னாத்தூர் மளிகைக் கடைகளில் அரிசி, பருப்போடு சேர்ந்து வரும் கேள்வி, “காலண்டர் வந்துடுச்சா அண்ணாச்சி?” என்பதுதான். ராகு காலமும் கிரிவலப் பௌர்ணமியும் பார்க்கும் அந்த அட்டையில் நம் கடைப் பெயர் ஆண்டு முழுவதும் தொங்குகிறது.

அதை அச்சிடும் சிவகாசியின் கதை வணிகர் அறிய வேண்டியது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. அதையொட்டி வளர்ந்த அச்சுத் தொழில் பட்டாசு லேபிள், டைரி, காலண்டர் என விரிந்தது.

இன்று அவர்களுக்கு நாலா பக்கமும் நெருக்கடி. காகித விலை ஏறுகிறது. தேதியைச் செல்போனே காட்டுகிறது. படம் புதிதாக வேண்டும், விலை மட்டும் பழையதே வேண்டும் என்கிறோம் நாம். ஜனவரி தாண்டி மிஞ்சிய காலண்டருக்குப் பழைய பேப்பர் விலைதான்.

ஆகவேதான் ஆடிப்பெருக்கன்றே மாதிரி ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் சேர்க்கிறார்கள். ஆர்டருக்குத் தக்கபடியே கடைப் பெயர் அச்சாகிறது. சீசன் முடிந்தால் நோட்டுப் புத்தகம், லேபிள், அட்டைப்பெட்டி வேலைகள் அச்சகங்களுக்குச் சோறு போடுகின்றன.

நமக்கும் இதுவே வழி. தீபாவளி, பொங்கல் சரக்கை முன்கூட்டியே கணக்கிட்டு வாங்குவோம். ஒரே சரக்கை நம்பி முதலை முடக்க வேண்டாம். செலவைக் குறைக்கிறோம் என்று காலண்டரை நிறுத்திவிடவும் வேண்டாம். மாதச் சாமான் வாங்கும் வீடுகளை எண்ணி, ஆடியிலேயே ஆர்டர் கொடுங்கள். அவர்கள் தொழிலும் நிலைக்கும், வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் நம் பெயரும் நிலைக்கும்.