வீட்டில் வளரும் பூனையும் நம் மீதுள்ள கடமையும்



புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! பூமியில் நடமாடும் உயிரினங்களும், சிறகடித்துப் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆன் (6:38) நமக்கு உணர்த்துகிறது. அவற்றுள் ஒன்றை நம் வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்துக்கொண்டால் நம் மீது என்ன கடமை ஏற்படுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

முன்பெல்லாம் ஓட்டு வீடுகளில் நாட்டுப் பூனை தானாக வரும், எலி பிடிக்கும், மிச்சம் மீதியைத் தின்றுவிட்டுப் போய்விடும். இன்றோ அடுக்குமாடி வீடுகளில், பிள்ளைகளின் ஆசைக்காக, பாரசீகப் பூனைகளைப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். சில மாதங்கள் கழிகின்றன. உரோமம் உதிர்கிறது, வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது, வீட்டில் துர்நாற்றம் வீசுகிறது. ஒரு நாள் இரவு அதனை அட்டைப் பெட்டியில் வைத்து மீன் சந்தை அருகிலோ, பள்ளிவாசல் வாசலிலோ விட்டுவிட்டுச் செல்கின்றனர். பள்ளிவாசலில் பணிபுரியும் எங்களைப் போன்றோர் இதனை அடிக்கடி காண்கிறோம். விட்டுச் செல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். தாங்கள் செய்வது என்னவென்று அவர்கள் சிந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண் செய்த குற்றம் என்ன?

ஒரு பூனையின் காரணமாக ஒரு பெண் வேதனைக்குள்ளானாள் என்ற நபிமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. அவள் அப்பூனையை அடித்தாள் என்றோ, சூடு வைத்தாள் என்றோ அதில் இல்லை. அடைத்து வைத்தாள், தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள சிறு உயிர்களைத் தானே தேடித் தின்னட்டும் என்று அவிழ்த்து விடவும் இல்லை. அது இறந்து போயிற்று. இதுவே அவள் குற்றம்.

இதிலிருந்து நாம் விளங்க வேண்டியது என்ன? கதவை அடைத்த அந்த நொடியிலேயே பொறுப்பு அடைத்தவர் மீது வந்து விடுகிறது. நம் ஃபிக்ஹு நூல்களும் இவ்வாறே கூறுகின்றன. மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்கான ஜீவனாம்சத்தைப் பேசும் ‘நஃபகா’ பாடத்திலேயே பிராணிகளின் தீவனத்தையும் தண்ணீரையும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில் சேர்த்துள்ளார்கள். உரிமையாளர் மறுத்தால், உண்ணப்படாத பிராணியாயின், அதற்குத் தீவனமிடவோ விற்றுவிடவோ அவர் கட்டாயப்படுத்தப்படுவார் என்பது அங்கே சொல்லப்படும் சட்டம்.

வெளியில் திரியும் பூனை தன் நகத்தை மரத்தில் தேய்த்துக்கொள்ளும்; மலத்தை மண் தோண்டி மூடும்; இரையைத் தானே தேடிக்கொள்ளும். அடைத்து வைக்கப்பட்ட பூனையால் இவற்றைச் செய்ய இயலாது. ஆகவே, அது தானாகச் செய்துகொள்ள முடியாதவாறு நாம் தடுத்துவிட்டவை அனைத்தையும் நாமே செய்து தர வேண்டியவர்களாகிறோம். பின்வரும் செய்திகளை இக்கண்ணோட்டத்துடன் படியுங்கள்.

தூய்மை பற்றிய ஐயம்

பூனை நஜீஸ் அன்று. அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்யவிருந்த நீரில் ஒரு பூனை வாய் வைக்க வந்தபோது, அது குடிப்பதற்கு ஏற்பப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், அது அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இது இடம்பெற்றுள்ளது. பூனை குடித்த மிச்ச நீர் ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையானது. ஹனஃபி மத்ஹபில், வேறு நீர் இருக்கும்போது அதனைப் பயன்படுத்துவது மக்ரூஹ் தன்ஸீஹ்.

ஆனால் அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ்தாம். அவை பட்ட துணியையும் தொழுகை விரிப்பையும் கழுவியே ஆக வேண்டும். உதிர்ந்த உரோமம் ஹனஃபிகளிடம் தூய்மையானது; ஷாஃபிஈகளிடம் சிறிதளவு மன்னிக்கப்பட்டது. எனவே தொழுகை விரிப்பைத் தனியே மடித்து வைப்பது பேணுதலான செயலாகும்.

உணவும் தண்ணீரும்

பூனைக்குப் பாலும் சோறும் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றுப்போக்குக்கு அதுவே காரணமாவதுண்டு. பூனை இறைச்சி உண்ணும் படைப்பு. ‘டாரின்’ என்னும் சத்தைப் போதிய அளவு தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள அதனால் இயலாது. இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்தே பெற வேண்டும். இச்சத்துக் குறைவால் பூனையின் விழித்திரை பழுதடைகிறது என்பது 1970களிலும், இதயம் பலவீனமடைகிறது என்பது 1987லும் ஆய்வுகளால் அறியப்பட்டது. தயிர்ச்சோறு மட்டுமே உண்டு வளரும் பூனைக்குப் பசி அடங்கும், உடல் தேறாது.

உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்த கோழி இறைச்சி, முள் நீக்கிய மீன் ஆகியவற்றைக் கொடுக்கலாம். எனினும் அவற்றோடு, பூனைக்கென்றே முழுச் சத்துடன் தயாரிக்கப்பட்ட உணவும் இருப்பது நலம். நாய்க்கான உணவு பூனைக்குப் போதாது. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். பிரியாணி, குருமா ஆகியவற்றின் மிச்சத்தை வைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. சாக்லேட்டும் அதற்கு நஞ்சே. தண்ணீர் எப்பொழுதும் இருக்க வேண்டும். நாள்தோறும் மாற்ற வேண்டும்.

உரோமம், நகம், காது

பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் இயல்புடையது. ஆதலால் அடிக்கடி குளிப்பாட்டத் தேவையில்லை. குட்டை உரோமப் பூனைக்கு வாரம் ஓரிரு முறை சீவிவிட்டால் போதும். பாரசீகப் பூனைக்கு நாள்தோறும் சீவ வேண்டும். இல்லையேல் காதின் பின்புறம், கால் இடுக்கு, அடிவயிறு ஆகிய இடங்களில் உரோமம் சடை பிடித்துத் தோலை இழுத்துப் புண்ணாக்கும். சடையைக் கத்தரியால் வெட்ட முயலாதீர்கள்; தோல் மெல்லியது, சேர்ந்து வெட்டுப்படும். முடியாதபோது மருத்துவரிடம் காட்டுங்கள். சீவுவதால் அது விழுங்கும் உரோமமும் குறையும்; வாந்தியும் குறையும். தட்டை முகப் பூனைகளின் கண்ணிலிருந்து நீர் வடியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால், ஒரு கண்ணுக்கு ஒன்றாக, மெல்லத் துடைத்துவிட வேண்டும்.

நகத்தின் கூரான நுனியை மட்டும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வெட்டலாம். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் இரத்தக் குழாயும் நரம்பும் உள்ளன, அங்கே வெட்டலாகாது. ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை இறுகச் சுற்றி வைத்தால், நாற்காலியை விட்டுவிட்டு அதில் நகத்தைத் தேய்த்துக்கொள்ளும். நகத்தை அடியோடு எடுத்துவிடும் அறுவை சிகிச்சை சில நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. அது விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பதாகும். நம் வசதிக்காக இவ்வேதனையைச் செய்ய மார்க்கத்தில் இடமில்லை.

காதினுள் காப்பித்தூள் போன்ற கருமையான அழுக்கு இருந்து, ஓயாமல் சொறிந்தால் அது உண்ணித் தொல்லையாக இருக்கலாம். குச்சி விட்டுக் குடையாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தெள்ளுப்பூச்சிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். நாய்களுக்கான மருந்துகளில் உள்ள ‘பெர்மெத்ரின்’ பூனையின் உயிரைப் பறிக்கும். தரை துடைக்கும் பினாயிலும் அதற்கு நஞ்சு. ஈரப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும்.

தடுப்பூசியும் மருத்துவமும்

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி போட வேண்டும். பின்னர் 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டும். கடும் வாந்தியும் கழிச்சலும் உண்டாக்கிக் குட்டிகளைக் கொல்லும் ‘பன்லூகோபீனியா’ நோயையும், மூக்கு, கண்களைத் தாக்கும் சளிக் காய்ச்சல்களையும் இது தடுக்கும். மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி தனியே போடப்பட வேண்டும். பின்பு மருத்துவர் குறிக்கும் காலத்தில் தொடர வேண்டும். குடற்புழு மருந்தைக் குட்டிப் பருவத்திலேயே தொடங்கி, வளர்ந்த பின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, எடைக்கு ஏற்பக் கொடுப்பது வழக்கம். அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையை அணுகுங்கள். சென்னையில் இருப்போர்க்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது.

பூனை தன் நோயை மறைக்கும். எனவே நாமே கவனிக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் உண்ணாமலிருத்தல், மூலையில் ஒளிந்துகொள்ளுதல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், தொடர் வாந்தி ஆகியவை மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள். ஆண் பூனை சிறுநீர் கழிக்க மீண்டும் மீண்டும் முக்கியும் நீர் வரவில்லையென்றால், ஒரு நாள் கூடத் தாமதிக்காதீர்கள். அடைப்பு ஓரிரு நாட்களில் உயிரைப் போக்கிவிடும். அதன் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று கருதி நம் வீட்டுப் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது.

பெற்றோர்களின் கவனத்திற்கு

பிள்ளையைப் பூனை கடித்தாலோ, இரத்தம் வரும்படி கீறினாலோ, உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, சொல்லப்படும் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை என்றே சொல்ல வேண்டும். ஓதிப் பார்ப்பதற்காக எங்களிடம் பிள்ளைகளை அழைத்து வருகிறீர்கள். வாருங்கள், துஆச் செய்கிறோம். ஆனால் ஊசி போட்டுவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் மிரட்டி வைக்காதீர்கள். திட்டு விழும் என்று அஞ்சிக் கீறலை மறைக்கும் பிள்ளைக்கே ஆபத்து அதிகம்.

கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் பூனையை விரட்ட வேண்டும் என்பதில்லை. பூனையின் மலத்தின் வழியே பரவும் ‘டாக்ஸோபிளாஸ்மா’ என்னும் கிருமி, மலம் வெளியேறி ஒன்று முதல் ஐந்து நாட்களுக்குப் பிறகே பிறரைத் தொற்றும் நிலையை அடைகிறது. மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தால் அபாயம் பெருமளவு நீங்கும். அவ்வேலையைக் கர்ப்பிணி செய்யாமல் கணவர் செய்யட்டும். வேகாத இறைச்சியின் வழியாகவும் இக்கிருமி வரும் என்பதால், குர்பானி இறைச்சியைப் பச்சையாகப் பூனைக்குப் போடாதீர்கள்; நாமும் நன்கு வேகவைத்தே உண்போம்.

குட்டிகளை என்ன செய்வது?

பெண் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். ஒன்பது வாரத்தில் ஈனும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும் ஈனும். பெட்டிகளில் வைத்து வீசப்படும் குட்டிகள் இவ்வாறு பெருகியவையே. கருத்தடை அறுவை சிகிச்சை பற்றிக் கேட்கின்றனர். பயனோ, தீங்கைத் தடுத்தலோ இருப்பின் ஆகும் என்பது ஹனஃபி நூல்களின் கருத்து. உண்ணப்படாத பிராணிக்கு ஆகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து. குட்டிகள் தெருவில் மடிவதைக் கருத்திற்கொண்டு இக்கால அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதனைச் செய்ய மனமில்லாதவர் ஆண் பூனையுடன் சேராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

எவ்வாறாயினும், பால் மறவாத குட்டியை எட்டு வாரத்திற்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். வளர்க்க இயலாதவர், வளர்ப்பவர் ஒருவரைத் தேடி அவர் கையில் ஒப்படையுங்கள். வீட்டிலேயே வளர்ந்த பூனைக்கு இரை தேடத் தெரியாது. நாய்களிடமிருந்து தப்பவும் தெரியாது. அதனைத் தெருவில் விடுவது ஹதீஸில் வரும் ‘அவிழ்த்து விடுதல்’ ஆகாது. பசிக்கும் நாய்க்கும் அதனைக் கையளிப்பதே ஆகும்.

நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையின் கையை வெட்டிவிட்டுப் பூனையைத் தூங்கவிட்டதாக ஒரு கதை மேடைகளில் சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரப்பூர்வமான நூல்களில் சான்றில்லை. சான்றுள்ளது நமக்குப் போதும். அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஆடு மேய்த்த காலத்தில் ஒரு சிறு பூனையை வைத்திருந்தார்கள். இரவில் மரத்தில் வைப்பார்கள். பகலில் உடன் கொண்டு செல்வார்கள் என்று திர்மிதியில் காண்கிறோம். இரவில் அது எங்கே இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்து அதற்கோர் இடம் செய்து கொடுத்தவரின் பெயராகவே அது நிலைத்துவிட்டது.

ஆகவே, பூனை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும்போது, வாங்கும் விலையை மட்டும் கணக்கிடாதீர்கள். உணவு, ஊசி, மருந்து, நாள்தோறும் மணல் தட்டைச் சுத்தம் செய்யும் நேரம் ஆகிய அனைத்தையும், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குக் கணக்கிடுங்கள். இயலுமெனில் வளருங்கள், இயலாதெனில் வாசலுக்கு வரும் பூனைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். அதற்கும் நற்கூலி உண்டு.

நம் பொறுப்பிலுள்ள வாயில்லா ஜீவன்களைப் பற்றி நாளை மறுமையில் கேட்கப்படும்போது நாணி நிற்காதவர்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.